மாமனார் ஏறமாட்டேன் என்ற கார்

எங்கள் கார் எந்த ஊர்க் கார்?

என் பெண் இதைக் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அவள் எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒருநாள் தயிர் சாதத்தை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, தாத்தா நம்ம கார் வெளிநாட்டு கார்ங்கறா. அப்பா நம்மூர் கார்தான்ங்கறா. நீ சொல்லு, எது நெஜம்?"

"மொதல்ல முழுங்கு, சொல்றேன்" என்றேன். அவள் முழுங்கிவிட்டாள். நான்தான் சொல்லவில்லை.

கம்பெனி கொரியாவுடையது. ஆலை இருப்பது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், எங்கள் மந்தைவெளி வீட்டிலிருந்து கிளம்பினால் காபி ஆறுவதற்குள் என்று சொல்ல முடியாவிட்டாலும், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கதவைப் பொருத்தியவர் காஞ்சிபுரத்துக்காரராக இருக்கலாம். இன்ஜின் இங்கேயே செய்ததா, கப்பலில் வந்ததா என்று அண்ணா சாலை ஷோரூமில் கேட்டேன். கழுத்தில் டை கட்டிய பையன் சிரித்துக்கொண்டே, "மைலேஜ் நல்லா குடுக்கும் மேடம்" என்றான். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி தூங்கும்வரை, இன்னொரு முறை கேட்டிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்படித்தான். கத்தரிக்காய் வாங்கினாலே, பக்கத்துக் கூடையில் இருந்தது இன்னும் பிஞ்சாக இருந்ததோ என்று தெருமுனை வரை திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் வீட்டின் முதல் காரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. என் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க மற்றவர்களுக்காக முடிவெடுத்துவிட்டு வருவதால் வீட்டில் எந்த முடிவும் எடுக்கமாட்டேன் என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறார். "நீ எது சொல்றயோ அது" என்றார். அது பெருந்தன்மை போலக் கேட்கும். ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும்.

கார் வாங்க வேண்டிய காரணம் என் மாமனாரின் முழங்கால். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டு சந்தோஷங்கள் இருந்தன. மார்கழியில் சபா சபாவாகப் போய்க் கச்சேரி கேட்பது ஒன்று. வாரத்தில் ஒருநாள் அடையாறில் இருக்கும் பழைய சிநேகிதர் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் முழுக்கச் சீட்டாடிச் சண்டை போட்டுவிட்டு வருவது இன்னொன்று. முழங்கால் தேய்ந்ததும் பஸ் படி ஏற முடியவில்லை. ஆட்டோவில் போனால் இரண்டு நாள் எண்ணெய் தடவ வேண்டியிருந்தது. மெல்ல மெல்லப் போவதையே நிறுத்திவிட்டார். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் படித்த பேப்பரையே சாயங்காலமும் படித்தார். சண்டை போட ஆள் இல்லாமல் மாமியாரோடு போட்டுப் பார்த்தார். அதில் அவருக்கு ஜெயிக்க வழியில்லை.

"இந்த மனுஷனை வெளியில எங்கயாவது அழைச்சுண்டு போங்கோளேன். நேக்குப் பைத்தியம் பிடிச்சுடும்" என்று மாமியார் ஒருநாள் அடுக்களையில் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அதனால் நான் கார் பார்க்கப் போனபோது நிறத்தையோ வேகத்தையோ பார்க்கவில்லை. கதவைத் திறந்து, மாமனாரைப் போல முழங்காலை மடக்காமல் உட்கார முடிகிறதா என்று பார்த்தேன். ஷோரூம் ஷோரூமாகக் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில், "மேடம், கால்ல அடிபட்டிருக்கா?" என்றுகூடக் கேட்டார்கள். எல்லோரும் வாங்கும் அந்தச் சின்னக் காரில் தரையில் சம்மணம் போடுவதுபோல் இறங்க வேண்டியிருந்தது. புதிதாக வந்திருந்த கொரியக் காரோ உயரமாக இருந்தது. நாற்காலியில் உட்காருவதுபோல் அப்படியே உட்காரலாம். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் நான் எதையும் முடிவு செய்ததில்லை.

அதற்குத்தான் அனுபவித்தேன்.

"கொரியாக்காரன் வண்டியா?" என்றார் மாமனார். ஓய்வு பெறும்வரை அவர் வேலை பார்த்தது சென்னையில் ஒரு பட்டைத் தொழிற்சாலையில். வண்டியின் அடியில் குலுக்கலைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் செய்கிற இடம். அங்கே அவர் இன்ஸ்பெக்டர். அவர் கை பட்டுச் சரி என்று சொல்லாமல் ஒரு பட்டையும் வெளியே போகாது. நம் நாட்டு கார்கள் எல்லாவற்றுக்கும் அடியில் தன் கைவேலை இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. கார்களுக்கு அவர் பெயர் சொல்லமாட்டார், செய்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கல்கத்தா வண்டி, பம்பாய் வண்டி, டெல்லி வண்டி. தெருவில் ஒரு கல்கத்தா வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால் காதைத் தீட்டிக் கேட்பார். சத்தம் வராவிட்டால் திருப்தியாகத் தலையை ஆட்டுவார்.

நான் படத்தாளைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் வெச்சிருக்கான்" என்றார்.

"உங்க முழங்காலுக்கு இதான் அப்பா நன்னா இருக்கும்."

"என் முழங்கால் சுதேசி முழங்கால். அது கல்கத்தா வண்டியில ஏறும். இதுல ஏறாது."

"கல்கத்தா வண்டியும் மூலத்துல இங்கிலாந்துக்காரா வண்டிதானே அப்பா? பம்பாய் வண்டி இத்தாலி வண்டின்னு படிச்சேன்." இதைச் சொல்வதற்கு முன் இரண்டு நாள் யோசித்தேன். மாமனாரிடம் இப்படிப் பதில் சொல்லலாமா என்று.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் வந்து எத்தனையோ காலமாச்சு. நம்ம ரோட்டுல அடிபட்டு, நம்ம மெக்கானிக் கையில மிதிபட்டு, நம்ம பட்டையைப் போட்டுண்டு நம்மாத்து மாட்டுப்பொண் மாதிரி ஆயிடுத்து" என்றார்.

"நான் வந்து அஞ்சு வருஷம்தானே ஆறது அப்பா" என்றேன்.

"நீ வந்த அன்னிக்கே ஆயிட்டே. அது வேற, இது வேற" என்று பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

இவ்வளவு சந்தோஷமாக ஒரு வாதத்தில் நான் தோற்றதே இல்லை. ஆனால் தோற்றது தோற்றதுதான். அவர் ஏறாவிட்டால் அந்த கார் எதற்கு?

பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த நாட்களில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம் வந்தது. வாடகைக்கு எடுத்தது, மாமனாரின் மனசுப்படி, ஒரு கல்கத்தா வண்டி. பெங்களூர் சாலையில் போகும்போது இடது பக்கம் நீளமாக ஒரு சுற்றுச்சுவர் வந்தது. உள்ளே வரிசை வரிசையாகப் புது கார்கள் வெயிலில் பளபளத்தன. நான் இதற்காகவே ஜன்னல் பக்கம் அவரை உட்காரவைத்திருந்தேன்.

"அப்பா, பாருங்கோ. இங்கதான் பண்றா. நம்ம பசங்கதான் வேலை பாக்கறா."

அவர் வலது பக்கம் திரும்பி, வயலைப் பார்த்தார். வயலில் பார்க்க ஒன்றுமில்லை. "நம்மூர்ல பண்ணிட்டா நம்பளோடது ஆயிடுமா?" என்றார்.

மாமியார் விட்டாரா? "ஏன்னா, பொறந்த ஊர்தானே எல்லாம்? மைலாப்பூர்ல பொறந்த குழந்தை மைலாப்பூர் குழந்தைதான்."

"அப்படியா? அப்போ நியூஜெர்சியில பொறந்தானே உன் பொண்ணோட பிள்ளை, அவன் யாராத்துக் குழந்தை?"

"அவன் நம்மாத்துக் குழந்தை" என்றார் மாமியார், குரல் கொஞ்சம் இறங்கி.

"அதேதான் நானும் சொல்றேன். எங்க பொறந்தா என்ன, யாரோடதுங்கறதுதான் கேள்வி" என்று மாமனார் முன் சீட்டைத் தட்டினார். "டிரைவர், நீங்க ஓட்டுங்கோ."

என் கணவர் முன் சீட்டில் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் சொல்வதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

அந்த வாரமே அவர் வீம்புக்கு அடையாறுக்கு ஆட்டோவில் போனார். கார் இல்லாமலே தனக்குப் போகத் தெரியும் என்று காட்டுவதற்காக. திரும்பி வந்தபோது எங்கள் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர்தான் கையைப் பிடித்து இறக்கினார். நான் வாசலில் குழந்தையோடு நின்றேன்.

"இன்னா பெர்சு, உன் புள்ள புது காரு சொல்லி வச்சிக்கீறாராமே? அப்பால நம்மள மறந்துடுவியா?"

"மறக்கமாட்டேன்ப்பா. நான் அதுல ஏறப்போறதில்லை."

"அப்ப நம்ம பொழப்புக்குப் பயமில்ல நைனா. ஆனா முட்டிய பாரு, இட்லி மாரி உப்பிக்கினு கீது. அது இன்னா சொல்லுதுன்னு கேட்டியா?"

மாமனார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வர எடுத்துக்கொண்ட நேரத்தில் குழந்தை இரண்டு முறை தெருவுக்கும் வீட்டுக்கும் ஓடிவந்துவிட்டாள். நான் எண்ணெயைச் சூடாக்கப் போனேன். தப்பான வண்டியை வாங்கிவிட்டோமோ என்ற நினைப்பு அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக வந்தது. உயரத்தைப் பார்த்தேனே, மனுஷரைப் பார்த்தேனா?

விஜயதசமி அன்று வண்டி வந்தது. நாள் நல்ல நாள் என்று நாங்கள் மட்டும் பார்க்கவில்லை, ஊரே பார்த்திருந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. மந்தைவெளியில் யார் வண்டி வாங்கினாலும் அங்கே கொண்டுவந்து நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்த பிறகுதான் ஓட்டுவார்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் ஸ்கூட்டர்களும் சைக்கிள்களும் ஒரு லாரியும் வரிசையில் நின்றன.

மாமனார் முன்னாலேயே கைத்தடியோடு நடந்து போய்விட்டார். போகும்போது, "நான் பிள்ளையாரைப் பாக்கப் போறேன். வண்டியைப் பாக்க இல்லை. தெளிவா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவருக்கு ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொடுத்தது அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்த தெருவுக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் இன்னொரு கார் நிற்கிறது. அதே கொரிய கார், அதே வெள்ளி நிறம், அதே சாமந்தி மாலை. இரண்டுக்கும் எண் வரவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டிலும் ஒரே மாதிரி சிவப்பு எழுத்துத் தாள் ஒட்டியிருந்தது. வண்டியை முடிவு செய்த பிறகு, அந்த நிறத்தை எடுக்க நான் ஒன்றரை வாரம் யோசித்திருந்தேன். வேறு யாரும் அதை எடுக்கமாட்டார்கள் என்று ஷோரூம் பையன் சொன்னதை நம்பியிருந்தேன்.

அந்த காரின் சொந்தக்காரர்கள் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கடைக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பெரிய சந்தனப் பொட்டு. அவர் மனைவி பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் பழத்தைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். "நம்ம ரெண்டு வண்டியும் ரெட்டப்புள்ள மாதிரில்லா இருக்கு தங்கச்சி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு வண்டிக்கும் பூஜை ஆனது. எலுமிச்சை நசுங்கும்போது தெறித்து விடுமோ என்று குழந்தையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டேன். தெறிக்கவில்லை. கடைசி தீபாராதனைக்கு அர்ச்சகர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். வண்டிக்குள் சாம்பிராணி காட்டியிருந்ததால் கடைக்காரர் கதவுகளைத் திறந்தே விட்டுவிட்டு உள்ளே போனார். என் கணவர் எங்கள் வண்டியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி பூட்டினார். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் நல்ல பொருத்தம்.

பூஜை முழுக்க வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்ற மாமனார் எங்களோடு உள்ளே வரவில்லை. தனக்குத் தரிசனம் ஆகிவிட்டது என்று வெளியே எதிர்ச்சுவர் ஓரம் நின்றுவிட்டார். அப்போது பொடித் தூறல் ஆரம்பித்தது.

கற்பூரம் காட்டும்போது எனக்கு மனசு நிற்கவில்லை. அவர் நனைகிறாரே என்று நினைத்து, பையிலிருந்த குடையைக் கொண்டுபோகலாமென்று வாசல்வரை வந்தேன். வந்தவள் அப்படியே நின்றேன்.

மாமனார் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். மெல்ல நடந்து வந்து, வெள்ளி நிற காரின் திறந்திருந்த பின்கதவருகே நின்றார். கதவின் ஓரத்தை விரலால் தடவினார். கதவை அரைவாசி மூடித் திறந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு கைத்தடியை உள்ளே போட்டு, திரும்பி, அப்படியே உட்கார்ந்தார். முழங்காலை மடக்கவே இல்லை. உட்கார்ந்துவிட்டு அதுதான் அவருக்கே ஆச்சரியம்போல, ஒரு காலை வெளியே நீட்டி உள்ளே இழுத்து, மறுபடி நீட்டி இழுத்துப் பார்த்தார். கூரையைத் தொட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கச்சேரியில் பாடகர் ஒரு கடினமான இடத்தை அநாயாசமாகக் கடக்கும்போது வரும் அதே சிரிப்பு. அதைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். அவர் உட்கார்ந்திருந்தது முன்னால் நின்ற வண்டியில். எங்கள் வண்டி பின்னால் பூட்டிக் கிடந்தது.

சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் அவமானப்பட்டுவிடுவார், இனி ஜன்மத்துக்கும் எந்த வண்டிப் பக்கமும் வரமாட்டார். சொல்லாவிட்டால் கடைக்காரர் வந்து ஏதாவது சொல்லுவார். மாமியாரைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் சிரித்துவிடுவார். அது எல்லாவற்றையும்விட மோசம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்ற நேரத்தில், கடைக்காரரும் அவர் மனைவியும் என்னைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்கள்.

மனைவிதான் முதலில் பார்த்தார். "ஏங்க, நம்ம வண்டியில யாரோ பெரியவுக உக்காந்திருக்காவ."

நான் ஓடினேன். "மன்னிச்சுக்கோங்க, எங்க மாமனார்..." என்று ஆரம்பிப்பதற்குள் மாமனார் கடைக்காரரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நிற்பவரை, வண்டியை ஒப்படைக்க வந்த கம்பெனி அதிகாரி என்று நினைத்திருக்கிறார்.

"வாங்கோ. சீட்டு நன்னா இருக்கு, ஒத்துக்கறேன். முழங்கால் மடங்கவே இல்லை. ஆனா கதவு என்ன இவ்வளவு லேசா இருக்கு? தகரமா?"

கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக, "நமக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. பித்தளை, எவர்சில்வர்னா சொல்லிருவேன்" என்றார்.

"உங்க வண்டி, உங்களுக்கே தெரியலைங்கறேளே?"

"எங்க வண்டிதான் ஐயா. இப்பத்தான் தேங்கா உடச்சோம்."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் குடையால் பின்னால் நின்ற வண்டியைக் காட்டினேன். வேறு என்ன செய்ய? அவர் முகம் சிவந்தது. கைத்தடியைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க ஐயா, எந்திக்காதீய!" என்று கடைக்காரரின் மனைவி அவசரமாகக் குனிந்தார். "புது வண்டியில மொத மொத யார ஏத்துறதுன்னு நாங்க வீட்டுல ஒரு வாரமா சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். எங்க மாமாவா, இவுக அத்தையான்னு. சாமி சந்நிதியில ஒரு பெரியவுக தானா வந்து உக்காந்துட்டிய. இதுக்கு மேல என்ன வேணும்?" சொல்லிவிட்டு, கணவரின் கையைப் பிடித்து இழுத்து, ஈரத் தெருவில் இருவரும் அவர் காலடியில் விழுந்து நமஸ்காரம் செய்தார்கள்.

விழுந்தவர்களை ஆசீர்வாதம் செய்யாமல் எப்படி இருப்பது? மாமனார் கொரியக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தூக்கி, "நன்னா இருங்கோ, வண்டி க்ஷேமமா ஓடட்டும்" என்றார். சொன்ன பிறகுதான் எதை வாழ்த்தினோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் மாமியார், என் கணவர், குழந்தை எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"வந்தது வந்திய, கொளத்தச் சுத்தி ஒரு சுத்துப் போயிட்டு வந்துருவோம் ஐயா" என்று கடைக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். அவர்கள் கடை டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மாமனார் இறங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. வண்டி போய்விட்டது. குழந்தை, "தாத்தா வேற காருக்குப் போயிட்டா!" என்று கத்தினாள்.

"பாத்தியோ? நாம பணம் கட்டி வாங்கினது பூட்டிக் கிடக்கு, இவர் ஊரான் வண்டியில ஊர்கோலம் போறார்" என்றார் மாமியார். அதற்குப் பிறகு அவரால் நிற்க முடியவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. திரும்பி வந்து என்ன சொல்லப்போகிறார்? ஒருநாள் தவறி ஏறியதோடு சரி என்று சொல்லிவிட்டால்?

மைலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி, மாட வீதிகளில் போய்விட்டு வண்டி வந்து நின்றது. மாமனார் இறங்கி, கடைக்காரருக்குக் கும்பிடு போட்டார். பிறகு எங்களைப் பார்க்காமல், எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி. பட்டைத் தொழிற்சாலையில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏண்டா" என்றார் என் கணவரிடம். "ரெண்டும் ஒரே எடத்துல, ஒரே அச்சுல வந்த பீஸ்தானே?"

"ஆமாம்பா."

"ஒரு பீஸை மட்டும் பாத்துட்டு நல்லதுன்னும் சொல்லப்படாது, கெட்டதுன்னும் சொல்லப்படாது. இன்ஸ்பெக்‌ஷன்னா ரெண்டாவதையும் பாத்தாகணும். திற."

என் கணவர் சாவியைத் தவறவிட்டு எடுத்துத் திறந்தார். மாமனார் இந்த முறை முன்சீட்டில், கால் மடங்காமல், நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். கதவை மூடி, காதை வைத்துக் கேட்டார்.

"அப்பா, ஏறிட்டேள்!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யார் ஏறினா? நான் ஏறலை. சோதனை பண்றேன்" என்றார் ஜன்னல் வழியாக. "எல்லாரும் உக்காருங்கோ. லோடு இல்லாம ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

நாங்கள் லோடாக உட்கார்ந்தோம். சாமந்தி வாசனையும் சாம்பிராணிப் புகையும் புது சீட்டின் ரப்பர் நாற்றமுமாக, தூறலில், என் கணவர் இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்ட, நாங்கள் கடற்கரை வரை போனோம். எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்ப வராதோ என்று அவருக்குப் பயம். மாமியார் வழி முழுக்க, "சோதனை ஆச்சா? சோதனை ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குழந்தை தாத்தா தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு சோதனை முடியவே இல்லை. அடையாறு பாலத்து ஏற்றத்தில் வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றார். பாலம் தாண்டினால் சிநேகிதர் வீடு. அங்கே இறங்கி, இன்ஜின் ஆறும்வரை சீட்டாடினார். மார்கழியில் ராத்திரி ஓட்டத்தில் விளக்கு எப்படி என்று பார்க்கச் சபாவுக்குப் போனார். அவர் குறை சொல்லச் சொல்ல என் கணவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்தார். கதவு லேசு என்றது முதலில் போயிற்று. பிரேக் பிடிக்கத் தயங்குகிறது என்றது அப்புறம் போயிற்று. மாமனாரின் நடை மாறியிருக்கிறது. குரலும் மாறியிருக்கிறது. மாமியாரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டார். சிநேகிதரோடு போட்டுவிட்டு வருகிறார்.

இப்போதுதான் எனக்குப் புதுக் கவலை. போன வாரம் அவரே சொன்னார்: "எல்லாம் பாத்தாச்சு. ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி. முன்னால சாமான் வெக்கற பொட்டி மூடியில, பள்ளத்துல எறங்கினா டொக்கு டொக்குனு ஒரு ஆட்டம். அது நின்னுடுத்துன்னா பாஸ் போட்டுடலாம். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது."

முடிந்தால்? பாஸ் போட்ட பட்டையின் பக்கம் அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சோதனை இல்லாவிட்டால் அவர் எந்தக் காரணம் சொல்லி அந்த வண்டியில் ஏறுவார்? மறுபடி ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கே போய்விடுவாரா? மெக்கானிக் பார்த்துவிட்டு, ஒரே ஒரு திருகாணிதான், ஐந்து நிமிஷ வேலை என்கிறார். என் கணவர், "சரி பண்ணிடலாம், அப்பா இனிமே வண்டியை விடமாட்டார்" என்கிறார். மாமியார், "ஆடினா ஆடிட்டுப் போறது, அந்தத் திருகாணியைத் தொட்டேளோ பாருங்கோ" என்கிறார். நான் வழக்கம்போல நடுவில் நிற்கிறேன். தெரிந்தே ஒரு குறையை வண்டியில் வைத்துக்கொள்வது சரியா? குழந்தை போகிற வண்டி. அதே சமயம் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவர் சந்தோஷமாகத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பதையும் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். ஒத்துக்கொள்ளாமலே ஒத்துக்கொண்ட ஒருவரை அந்த நிலையிலேயே வைத்திருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மெக்கானிக் சனிக்கிழமை வருகிறார். அந்தத் திருகாணியை முடுக்கச் சொல்லவா, வேண்டாமா? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.